ஆறாவது டிஸ்க்: சிவகாசி அச்சகம் ஒன்றில் ரெய்டு சேமிப்பை விரிவாக்கிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிவகாசியில் நடுத்தர அளவிலான ஓர் ஆஃப்செட் அச்சகம். தினசரி காலண்டர், மாதக் காலண்டர், நோட்டு அட்டை, பட்டாசுப் பெட்டி லேபிள் என்று பல வேலைகள் அங்கே நடக்கின்றன. டிசைனிங் பிரிவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் திறக்கும் கோப்பு, திருத்தும் கோப்பு, பிளேட் போட அனுப்பும் கோப்பு எல்லாமே ஒரே லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. வாடிக்கையாளர் ஐந்து ஆண்டுகளுக்கு முன் அடித்த காலண்டரைக் காட்டி "இதே மாதிரி வேண்டும், கடைப் பெயரை மட்டும் மாற்றுங்கள்" என்று கேட்பது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. அதனால் பழைய கோப்பு எதையும் அவர்கள் அழிப்பதில்லை.

சர்வரின் அமைப்பு இப்படி. பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் தரவு பிழைக்கும்படி வைக்கும் முறைதான் ரெய்டு. இயங்குதளம் இரண்டு சிறிய எஸ்எஸ்டிகளில், இரண்டிலும் ஒரே நகல் இருக்கும் ரெய்டு 1 ஆக இருந்தது. கோப்புகள் ஐந்து 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குகளில், லினக்ஸின் சொந்த மென்பொருள் ரெய்டான எம்டி வழியாக ரெய்டு 5 ஆக இருந்தன. செத்த டிஸ்க்கின் தரவைக் கணக்கிட்டு மீட்க உதவும் பாரிட்டிக்கு ஐந்தில் ஒன்றின் அளவு போக, மிச்சம் 16 டெராபைட். அதன்மேல் நேரடியாக எக்ஸ்ட்4 கோப்பு முறைமை; இடையில் எல்விஎம் என்ற பகிர்வு மேலாண்மை அடுக்கு இல்லை. 2014இல் டெபியன் 7 இருந்த காலத்தில் மூன்று டிஸ்க்குகளோடு இதைத் தொடங்கியிருக்கிறார்கள். பின்னர் இரண்டு டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். முதல் மூன்றும் சர்வரில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட வகை. பின்னால் வந்த இரண்டும் அவசரத்துக்குக் கடையில் கிடைத்த சாதாரண டெஸ்க்டாப் வகை. இயங்குதளம் காலப்போக்கில் டெபியன் 11 வரை உயர்த்தப்பட்டிருந்தது. ஆனால் கோப்பு முறைமை 2014இல் உருவானது உருவானபடியே இருந்தது. இது பின்னால் முக்கியமாகிறது.

அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரி ஆல்பங்களை ஆடிப் பெருக்கு அன்று வெளியிடுவது சிவகாசியின் வழக்கம். ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும் அந்த நாளிலிருந்து டிசம்பர் கடைசிவரை அச்சகம் மூச்சு விடாது. சர்வரைத் தொட வேண்டுமானால் அதற்கு முன்போ, பொங்கலுக்குப் பிறகோதான் தொட முடியும்.

கோரிக்கை

2022 ஜூன் நடுவில் அச்சகத்தின் மேலாளர் என்னை அழைத்தார். சர்வர் 95 விழுக்காடு நிரம்பிவிட்டது. காலியாக இருப்பது சுமார் 600 ஜிபி. சீசன் தொடங்கினால் வாரத்துக்கு 100 ஜிபிக்கு மேல் கோப்பு சேரும். மதுரையில் ஒரு கடையில் 4 டெராபைட் டிஸ்க் ஒன்றை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்கள். முன்பு இரண்டு முறை செய்ததுபோல அதையும் செருகிச் சேர்த்துவிட வேண்டும், முடிந்தால் அன்றிரவே என்பது கோரிக்கை.

கட்டளைகளை மட்டும் பார்த்தால் இது சின்ன வேலை. எம்டியை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கருவியில் "ஆட்" கொடுத்துப் புது டிஸ்க்கைச் சேர்க்க வேண்டும்; "குரோ" கொடுத்து டிஸ்க் எண்ணிக்கையை ஆறாக்க வேண்டும்; முடிந்ததும் கோப்பு முறைமையைப் பெரிதாக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டாவது கட்டளை கொடுத்தவுடன் உள்ளே நடப்பது மிகப் பெரிய வேலை. ஐந்து பேருக்குப் போட்ட சீட்டுகளை எல்லாம் திரும்ப வாங்கி ஆறு பேருக்குப் போடுவதுபோல, ஒவ்வொரு டிஸ்க்கிலும் உள்ள தரவு முழுவதும் படிக்கப்பட்டு, பாரிட்டி மறுபடி கணக்கிடப்பட்டு, புது இடத்தில் எழுதப்படுகிறது. இதுதான் மறுபகிர்வு. ஆண்டுக்கணக்கில் யாரும் திறக்காத கோப்புகள் இருக்கும் மூலைகளும் அன்றைக்குப் படிக்கப்பட்டாக வேண்டும். புது டிஸ்க் சரியாக இருக்கிறதா என்பதைவிட, பழைய ஐந்தும் இந்தச் சுமையைத் தாங்குமா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. அதனால் அன்றிரவு எதையும் செருகவில்லை.

பார்த்தவை

ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால் ஐந்து "யு" எழுத்துகள் வரிசையாக நின்றன. ஐந்து டிஸ்க்குகளும் அணிக்குள், அதாவது ஒன்றாக இயங்கும் ரெய்டு தொகுப்புக்குள், இருக்கின்றன என்று அர்த்தம். மேலாளரும் டிசைனர்களும் இத்தனை நாள் பார்த்து நிம்மதியடைந்தது இந்த வரியைத்தான். ஆனால் இந்த வரி சொல்வது, எந்த டிஸ்க்கும் இன்னும் வெளியேற்றப்படவில்லை என்பதை மட்டுமே. டிஸ்க்கின் உடல்நிலையை அது சொல்வதில்லை.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களை ஒவ்வொரு டிஸ்க்கிலும் எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் டிஸ்க்கில் 197ஆம் பண்பின் எதிரே 16 என்ற எண் இருந்தது. படிக்க முடியாமல் போய், மறுபடி எழுதப்படும் வரை காத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புத் துண்டுகளின்) எண்ணிக்கை அது. மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களைச் சொல்லும் 5ஆம் பண்பு சுழியமாகவே இருந்தது. அந்தச் சுழியத்தை மட்டும் பார்ப்பவர் டிஸ்க் நலமாக இருக்கிறது என்றே முடிவு கட்டுவார். 2014இலிருந்து அணையாமல் ஓடிக்கொண்டிருந்த மூன்றில் அதுவும் ஒன்று.

இவ்வளவு நாள் இது ஏன் தெரியவில்லை? டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவுக்குப் பின் ரெய்டு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் ஏற்பாடு தானாகவே உண்டு. ஒரு சீசனின்போது, சர்வர் மெதுவாகிறது என்று யாரோ அதை அணைத்திருக்கிறார்கள். அமைப்புக் கோப்பில் அதற்கான வரி "ஃபால்ஸ்" என்று இருந்தது. டிஸ்க் கெட்டால் எச்சரிக்கை மடல் அனுப்பும் எம்டிஏடிஎம்மின் கண்காணிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மடல் போய்ச் சேர்ந்த இடம், அந்தச் சர்வருக்குள்ளேயே யாரும் திறக்காத ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் அஞ்சல்பெட்டி. ஸ்மார்ட் எண்களைக் கவனிக்கும் நிரல் நிறுவப்படவே இல்லை.

அடுத்தது, பின்னால் சேர்த்த இரண்டு டெஸ்க்டாப் டிஸ்க்குகள். ஒரு செக்டர் படிக்க வராவிட்டால் சர்வர் வகை டிஸ்க் ஏழு விநாடி முயன்றுவிட்டு, "படிக்க முடியவில்லை" என்று சொல்லிவிடும். ரெய்டு உடனே மற்ற டிஸ்க்குகளின் பாரிட்டியிலிருந்து அந்தத் தரவைக் கணக்கிட்டு, அதே இடத்தில் மறுபடி எழுதிச் சரிசெய்யும். டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு இந்த ஏழு விநாடிக் கட்டுப்பாடு பெரும்பாலும் கிடையாது. தானே சரிசெய்துவிடலாம் என்று இரண்டு நிமிடத்துக்கு மேல்கூட முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸின் மையக்கருவான கர்னலோ இயல்பாக 30 விநாடிதான் பொறுக்கும். அதற்குமேல் பதில் வராவிட்டால் இணைப்பைத் துண்டித்து மீட்டமைக்கும். அப்போதும் டிஸ்க் பேசாவிட்டால் ரெய்டு அதை வெளியேற்றிவிடும். ஒரே ஒரு மோசமான செக்டருக்காக முழு டிஸ்க்கும் வெளியே போகும். அணிகள் சிதைந்து என்னிடம் வந்த நிகழ்வுகளில் இந்தக் காலப் பொருத்தமின்மையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அன்றாட வேலையில் இது தலைகாட்டாது. எல்லாவற்றையும் படிக்கும் நாளில்தான் காட்டும். இந்த இரண்டு டிஸ்க்குகளிலும் ஏழு விநாடி அமைப்பை ஏற்கச் சொன்னபோது இரண்டுமே மறுத்துவிட்டன.

கோப்பு முறைமையின் தலைப்பு விவரங்களில் "64 பிட்" என்ற அம்சம் இல்லை. எக்ஸ்ட்4 இடத்தைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து எண் கொடுக்கும்; பழைய எக்ஸ்ட்4 அந்தத் தொகுதி எண்ணை 32 பிட்டில் வைத்திருக்கும். தொகுதி 4 கேபி என்றால், 1024 கணக்கில் (ஆயிரத்துக்குப் பதில் 1024ஆல் பெருக்கும் கணக்கில்) 16 டெராபைட்டுக்கு மேல் அதனால் போக முடியாது. ஐந்து டிஸ்க் அணி அந்தக் கணக்கில் 14.55 டெராபைட்தான், அதனால் முந்தைய இரண்டு விரிவாக்கங்களும் தடையில்லாமல் முடிந்தன. ஆறாவது சேர்ந்தால் 18.19. டிஸ்க்கைச் செருகி, ஒரு நாளுக்கு மேல் ஓடி முடிந்தபின் "அளவு மிகப் பெரிது" என்ற பிழையோடு கடைசிப் படியில் நின்றிருக்கும்.

வாங்கி வைத்திருந்த புது டிஸ்க்கின் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் தேடினேன். அது ஓடுகள்போல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் வகை. பெரிய கோப்பைத் தொடர்ச்சியாக எழுதினால் பரவாயில்லை. ரெய்டு மறுபகிர்வில் வருவதுபோல மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுத்து வந்தால் அதன் வேகம் தரைக்கு வந்துவிடும். சில சமயம் பதிலே வராமல் ரெய்டு அதையும் வெளியேற்றிவிடும். பெட்டியின்மேல் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கடைசியாக பேக்கப். வெளி டிஸ்க்குகள் சில இருந்தன. யார் எப்போது எதை நகலெடுத்தார்கள் என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை. கடந்த சீசனின் வேலைகளில் பாதிக்கு மேல் அவற்றில் இல்லை.

முதல் முடிவு: அவசரத்தைக் குறைப்பது

இவ்வளவையும் மேலாளரிடமும் முதலாளியிடமும் சொன்னபோது, அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: "எங்களுக்கு இப்போது இடம் வேண்டுமே, அதற்கு என்ன வழி?" அதற்கு விடை டிஸ்க்குகளில் இல்லை, கோப்பு முறைமையில் இருந்தது. எக்ஸ்ட்4 உருவாகும்போது ரூட் பயனருக்கென 5 விழுக்காடு இடத்தை ஒதுக்கிவைக்கும். இயங்குதளம் இருக்கும் சிறிய பகிர்வுக்கு அது பொருத்தம்தான். 16 டெராபைட் தரவுப் பகுதியில் அது 800 ஜிபி. யாருக்கும் பயனில்லாமல் எட்டு ஆண்டுகளாகக் கிடந்தது. டியூன்2எஃப்எஸ் கருவியால் அதை ஒரு விழுக்காடாகக் குறைத்ததும் அந்த நிமிடமே 640 ஜிபி கிடைத்தது. சர்வரை நிறுத்தவில்லை, எந்த டிஸ்க்கையும் தொடவில்லை. காலி இடம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது.

ஆடிப் பெருக்கு வரை நிதானமாக வேலை செய்ய அதுவே நேரம் வாங்கிக் கொடுத்தது. இது கிடைத்திராவிட்டால் அடுத்து வந்த எந்த முடிவையும் அவர்கள் ஒப்புக்கொண்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். இடம் நெருக்கும்போது எச்சரிக்கையைக் கேட்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை.

இரண்டாம் முடிவு: பேக்கப், பிறகு முழுச் சரிபார்ப்பு

இரண்டு 8 டெராபைட் வெளி டிஸ்க்குகள் வாங்கச் சொன்னேன். விரிவாக்கத்துக்கென ஒதுக்கிய பணத்தைவிட இது கூடுதல். முதலாளி தயங்கினார். ரெய்டு இருக்கும்போது பேக்கப் எதற்கு என்பது அவருடைய கேள்வி. ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் ஓடுவதற்குத்தான் ரெய்டு. தவறுதலாக அழித்த கோப்பையோ, மறுபகிர்வு பாதியில் சிதைந்த அணியையோ அது மீட்டுத் தராது என்று விளக்கினேன். டிசைனிங் பிரிவின் மூத்தவர் ஒருவர், எப்போதோ ஒருமுறை தவறுதலாக அழிந்துபோன ஓர் ஆல்பத்தை நினைவுபடுத்தினார். அதன்பின் பேச்சு நீளவில்லை.

ஆர்சிங்க் கருவியால் ஆண்டுவாரியாகப் பிரித்து இரண்டு டிஸ்க்குகளுக்கும் நகலெடுத்தோம். பழைய ஆண்டுகளின் கோப்புகள் ஓடிக்கொண்டிருந்தபோது, கர்னல் பதிவில் மூன்றாம் டிஸ்க்கின் பெயரோடு "படிப்புப் பிழை திருத்தப்பட்டது, 8 செக்டர்" என்ற பொருள்படும் வரிகள் வரத் தொடங்கின. ரெய்டு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது: படிக்க முடியாததைப் பாரிட்டியிலிருந்து மீட்டு, அதே இடத்தில் மறுபடி எழுதியது. எந்தக் கோப்பும் கெடவில்லை.

நகல் முடிந்ததும் முழு அணிக்கும் சரிபார்ப்பு ஓட்டம் கொடுத்தோம். விடிவதற்குள் முடிந்தது. பாரிட்டி முரண்பாட்டு எண்ணிக்கை சுழியம். அணியின் உள்ளடக்கம் முழுமையாக இருக்கிறது. ஆனால் மூன்றாம் டிஸ்க்கின் எண்கள் அசைந்திருந்தன. பழைய 16 செக்டர்கள் சரியாகிவிட்டன. அவற்றில் சில மாற்றிடத்துக்குப் போயிருந்தன. வேறு இடத்தில் புதிதாக எட்டு செக்டர்கள் காத்திருப்புக் கணக்கில் ஏறியிருந்தன. ஒருமுறை தோன்றி அப்படியே நின்றுவிடும் எண் எனக்கு அவ்வளவு கவலை தராது. இரண்டு ஓட்டங்களுக்கு இடையில் நகர்கிற எண் கவலை தரும். அந்த டிஸ்க்கை அணிக்குள் வைத்துக்கொண்டு மறுபகிர்வு தொடங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

படிப்புப் பிழை விகிதம் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு. சாதாரண டிஸ்க்குக்குத் தயாரிப்பாளர்கள் தரும் எல்லை 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒரு பிழை. அதாவது ஏறத்தாழ 12.5 டெராபைட் படித்தால் ஒன்று. இந்த அணியில் ஒரு டிஸ்க் செத்தால் மீட்க 16 டெராபைட் படிக்க வேண்டும்; ஆகவே மீட்பு நிச்சயம் தோற்கும் என்பார்கள். நடைமுறையில் டிஸ்க்குகள் அந்த எல்லையைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன; அந்தக் கணக்கை வைத்து யாரையும் பயமுறுத்த நான் விரும்புவதில்லை. இங்கே நிகழ்தகவு பார்க்க வேண்டிய தேவையே இல்லை. படிக்க முடியாத செக்டர்கள் இருப்பது கண்முன் தெரிந்தது. அந்த நிலையில் டெஸ்க்டாப் டிஸ்க் ஒன்று வெளியேறினால், அதே செக்டர்கள் இருக்கும் பட்டைகளை, அதாவது எல்லா டிஸ்க்குகளிலும் பரவிக் கிடக்கும் தரவு வரிசைகளை, மீட்க இன்னொரு பிரதி கிடையாது.

மூன்றாம் முடிவு: முதல் புது டிஸ்க் இடத்துக்காக அல்ல

எஸ்எம்ஆர் டிஸ்க்கைக் கடையில் திருப்பிக் கொடுத்து, சர்வருக்குரிய வழக்கமான பதிவு முறை கொண்ட 4 டெராபைட் டிஸ்க்குகள் இரண்டை வாங்கினார்கள். இரண்டையும் வேறொரு கணினியில் இணைத்து, பேட்பிளாக்ஸ் கருவியால் முழுவதும் ஒருமுறை எழுதிப் படித்தோம். பின்பு நீண்ட சுயசோதனை ஓட்டினோம். புது டிஸ்க் என்பதற்காக நம்பிவிடக் கூடாது. சாகும் டிஸ்க்குகளில் ஒரு பங்கு முதல் சில வாரங்களிலேயே செத்துவிடுகிறது.

சர்வரில் டிஸ்க்கைச் செருகும் சாட்டா இணைப்பு ஒன்றே ஒன்றுதான் காலியாக இருந்தது. அதில் முதல் புது டிஸ்க்கைப் பொருத்தி, பழைய டிஸ்க்கின் பகிர்வு அட்டவணையை அப்படியே நகலெடுத்தோம். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் 4 டெராபைட் டிஸ்க்குகளும் ஒரே அளவில், 78140 லட்சம் செக்டர்களுக்குச் சற்று மேல் இருப்பதால் பகிர்வு பொருந்தியது. 2014இல் அமைத்தவர், ஒவ்வொரு டிஸ்க்கின் கடைசியிலும் நூறு எம்பி காலியாக விட்டுவைத்திருந்தார். யாரோ ஒருவரின் அந்த முன்யோசனைக்கு நன்றி சொல்ல வேண்டும். புது டிஸ்க் சில செக்டர்கள் குறைவாக இருந்திருந்தாலும் வேலை தடைப்பட்டிருக்காது.

பழைய டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் போடும் வழியை நாங்கள் எடுக்கவில்லை. அப்படிச் செய்தால் மீட்பு முடியும்வரை அணி பாதுகாப்பில்லாமல் நான்கு டிஸ்க்கோடு நிற்கும். எம்டிஏடிஎம்மில் "ரீப்ளேஸ்" என்று ஒரு வசதி இருக்கிறது. பழைய டிஸ்க் அணிக்குள் இருக்கும்போதே அதன் உள்ளடக்கம் புதியதற்கு நகலாகும். படிக்க முடியாத செக்டர் வந்தால் அதை மட்டும் பாரிட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும். எல்லாம் முடிந்த பிறகே பழையது வெளியேறும். ஒரு நொடிகூட அணி ஊனப்படுவதில்லை. இவ்வளவு நல்ல வசதி இருந்தும் பலர் இன்னும் பிடுங்கிப் போடும் வழியிலேயே போவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஓர் இரவில் நகல் முடிந்தது.

வெளியே எடுத்த டிஸ்க்கில் நீண்ட சுயசோதனை ஓட்டியபோது, படிப்புத் தோல்வி என்று சொல்லிப் பாதியில் நின்றுவிட்டது. அந்த அறிக்கையை அச்சிட்டு முதலாளியிடம் கொடுத்தேன். பணம் போட்டு வாங்கிய டிஸ்க் ஒரு ஜிபி இடம்கூடக் கூட்டவில்லையே என்ற அவரது மனக்குறைக்கு அந்தத் தாள்தான் பதில்.

நான்காம் முடிவு: ரெய்டு 5ஆ, ரெய்டு 6ஆ

ஆறு டிஸ்க்குகளில் ரெய்டு 6 அமைத்தால் இரண்டு டிஸ்க் சேர்ந்து செத்தாலும் தாங்கும். ஆனால் இடம் அதே 16 டெராபைட்தான். ரெய்டு 5 ஆகவே வைத்தால் 20 டெராபைட் கிடைக்கும். பாதுகாப்பு ஒரு டிஸ்க்குக்கு மட்டும். ஏழாவது டிஸ்க் இருந்தால் இரண்டும் கிடைக்கும். அதற்குத் தாய்ப்பலகையில் இணைப்பு இல்லை. தனியாக ஒரு கட்டுப்பாட்டு அட்டை வேண்டும். எல்லா டிஸ்க்குகளையும் 8 டெராபைட்டாக மாற்றும் வழியையும் பேசினோம். செலவைப் பார்த்து விட்டுவிட்டோம்.

ஆறு டிஸ்க்கில் ரெய்டு 5 என்பது எனக்கு முழுத் திருப்தி தரும் அமைப்பு இல்லை. ஆனாலும் சீசன் வரை அதையே ஏற்றுக்கொள்ளப் பரிந்துரைத்தேன். முழு பேக்கப் கையில் இருந்தது. நலிந்த டிஸ்க் வெளியேறிவிட்டது. புதிய அட்டை ஒன்றைச் சீசனுக்குச் சில வாரங்கள் முன்பு அவசரமாக நுழைப்பதும் தன்னளவில் ஓர் ஆபத்து. பொங்கல் கழிந்ததும் ஏழாவது டிஸ்க்கோடு ரெய்டு 6க்கு மாறுவது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டோம்.

மறுபகிர்வு

தொடங்கும் முன் மூன்று காரியங்கள் செய்தோம். டெஸ்க்டாப் டிஸ்க்குகள் இரண்டுக்கும் கர்னலின் பொறுமையை 30 விநாடியிலிருந்து 180 ஆக்கினோம். மற்றவற்றுக்கு ஏழு விநாடிக் கட்டுப்பாட்டை இட்டோம். மின்சாரம் போய் வந்தால் இரண்டுமே மறந்துபோகும் அமைப்புகள். ஆகவே ஒவ்வொரு துவக்கத்திலும் தானாக அமையும்படி எழுதி வைத்தோம். யுபிஎஸ்ஸின் மின்செருகியைப் பிடுங்கிப் பார்த்தபோது ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. பேட்டரிகளை மாற்றி, யுஎஸ்பி கேபிளால் சர்வரோடு இணைத்து, மின்னிருப்பு குறைந்தால் சர்வர் முறையாக அணையும்படி செய்தோம். இரண்டாவது புது டிஸ்க்கை, பழையது இருந்த இடத்தில் பொருத்தி, அதன் தொடர் எண்ணைத் தாளில் எழுதிப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டினோம். டிஸ்க் எழுத்துகள் துவக்கத்துக்குத் துவக்கம் மாறக்கூடியவை. எந்தத் தட்டில் எந்த டிஸ்க் என்பதற்குத் தொடர் எண் ஒன்றே சாட்சி.

சனிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் "ஆட்", "குரோ" இரண்டையும் கொடுத்தேன். புது டிஸ்க் உபரியாக இருக்கும்போது, எண்ணிக்கையைக் கூட்ட, இடையில் நின்றால் மீள உதவும் தனி பேக்கப் கோப்பு தேவைப்படவில்லை. தொடக்கத்தில் வேகம் விநாடிக்கு 25 எம்பி. அப்படியே போனால் இரண்டு நாளுக்கு அருகில் ஆகும். பட்டைத் தற்காலிக நினைவகத்தின் அளவை இயல்பான 256இலிருந்து 8192 ஆக உயர்த்தியதும் 45 எம்பிக்கு ஏறியது. இதற்கு ஆகும் நினைவகம் ஒரு டிஸ்க்குக்கு 32 எம்பி, ஆறுக்கும் சேர்த்து 192 எம்பி. 16 ஜிபி நினைவகம் உள்ள சர்வருக்கு அது பொருட்டே இல்லை.

ஞாயிறு காலை 11 மணியளவில் 64 விழுக்காடு முடிந்திருந்த நிலையில் மின்தடை வந்தது. அச்சு இயந்திரங்களுக்கு ஜெனரேட்டர் உண்டு. அலுவலக இணைப்புக்கு இல்லை. மின்சாரம் உடனே வரவில்லை. யுபிஎஸ் தன் எல்லையைத் தொட்டதும் சர்வர் தானாக முறையாக அணைந்தது. மேலாளர் தொலைபேசியில் பதறினார். மறுபகிர்வு எதுவரை வந்திருக்கிறது என்பதை எம்டி ஒவ்வொரு டிஸ்க்கின் தலைப்பிலும் எழுதிக்கொண்டே போகிறது. பழைய ஐந்து டிஸ்க் அமைப்பும் புதிய ஆறு டிஸ்க் அமைப்பும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று அதற்குத் தெரியும். மின்சாரம் வந்தபின், கோப்புகளைப் பகிரும் சாம்பா சேவையை நிறுத்திவைத்து, முதலில் அணியை மட்டும் எழுப்பிப் பார்த்தேன். ஆறு டிஸ்க்குகளும் வந்தன, 64இலிருந்தே தொடர்ந்தது. வேகம் மட்டும் பழைய 25க்குத் திரும்பியிருந்தது, ஏனென்றால் தற்காலிக நினைவக அளவும் துவக்கத்தில் மறந்துபோகும் அமைப்பு. அதை மறுபடி உயர்த்தினேன். இரவு பத்து மணிக்கு மேல் முடிந்தது.

கோப்பு முறைமை

திங்கள் காலை டிசைனர்கள் பார்த்தபோது காலி இடம் மாறவில்லை. அணி பெரிதாகியிருந்தது, அதன்மேல் இருக்கும் எக்ஸ்ட்4 இன்னும் பழைய அளவிலேயே இருந்தது. 64 பிட்டுக்கு மாற்றக் கோப்பு முறைமையைக் கழற்றி வைத்தாக வேண்டும். ஆகவே அடுத்த ஞாயிறு வரை காத்திருந்தோம். மறுபகிர்வும் இந்த மாற்றமும் ஒரே நாளில் வேண்டாம் என்பது முன்பே எடுத்த முடிவு. ஏதாவது தவறினால் எந்தப் படியில் தவறியது என்று பிரித்தறிய முடியவேண்டும்.

அந்த ஞாயிறு, முதலில் பேக்கப்பைப் புதுப்பித்தோம். பிறகு முழுச் சோதனை, ரீசைஸ்2எஃப்எஸ் கருவியால் 64 பிட் மாற்றம், மறுபடி முழுச் சோதனை, அதன்பின் அளவை விரித்தல் என்று வரிசையாகச் செய்தோம். சில மணி நேரம் பிடித்தது. பிழை எதுவும் வரவில்லை. கடைசியாக, தரவு டிஸ்க் நான்கிலிருந்து ஐந்தாகிவிட்டதால் எக்ஸ்ட்4இன் பட்டை அகலக் குறிப்பை 512இலிருந்து 640 ஆக மாற்றினோம். அணியின் புது விவரத்தை அமைப்புக் கோப்போடு ஒப்பிட்டுத் திருத்தி, துவக்கப் படிமத்தையும் புதுப்பித்தோம். 1024 கணக்கில் 3.6 டெராபைட் புதிதாகக் கிடைத்தது.

பின்னர் நடந்தவை

ஆடிப் பெருக்குக்கு ஆல்பங்கள் நேரத்துக்கு வெளிவந்தன. மாதாந்திரச் சரிபார்ப்பு மறுபடி இயங்குகிறது. பகல் வேலை பாதிக்காதபடி அதன் வேகத்துக்கு மட்டும் மேல்வரம்பு வைத்திருக்கிறோம். எச்சரிக்கை மடல்கள் இப்போது மேலாளருக்கும் எனக்கும் வருகின்றன.

அக்டோபரில், தீபாவளி லேபிள் வேலைகளுக்கு நடுவே, சர்வர் ஒரு நிமிடத்துக்கு மேல் உறைந்து நின்றுவிட்டு மீண்டதாகத் தகவல் வந்தது. கர்னல் பதிவைப் பார்த்தால், டெஸ்க்டாப் டிஸ்க் ஒன்று ஒரு செக்டரோடு மல்லுக்கட்டி, கடைசியில் பிழை சொல்லியிருக்கிறது. ரெய்டு அதைத் திருத்தி எழுதியிருக்கிறது. பழைய 30 விநாடி அமைப்பே இருந்திருந்தால், சீசனின் உச்சத்தில் அந்த டிஸ்க் வெளியேற்றப்பட்டு அணி பாதுகாப்பில்லாமல் நின்றிருக்க வாய்ப்பு அதிகம்.

2023 பொங்கல் கழிந்ததும், ரெய்டு வசதி அணைக்கப்பட்ட எளிய கட்டுப்பாட்டு அட்டை ஒன்றைப் பொருத்தி, ஏழாவது டிஸ்க்கைச் சேர்த்து ரெய்டு 6க்கு மாற்றினோம். இம்முறை அணியின் வகையே மாறுவதால் பேக்கப் கோப்பை எஸ்எஸ்டியில் வைத்தோம். மாற்றப்படும் அணிக்குள்ளேயே அந்தக் கோப்பை வைத்தால், தேவைப்படும் நேரத்தில் அதைத் திறக்க வழியிருக்காது. இடம் 20 டெராபைட்டாகவே நீடிக்கிறது.

இனி மாறுவது

இதே அச்சகத்திலோ இதுபோன்ற வேறிடத்திலோ அடுத்த முறை டிஸ்க் வாங்குவதற்கு முன்பே பழைய டிஸ்க்குகளின் ஸ்மார்ட் எண்களும் ஒரு முழுச் சரிபார்ப்பின் முடிவும் என் கைக்கு வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை டிஸ்க், எந்த வகை என்பதை அதைப் பார்த்த பிறகே சொல்ல முடியும். இங்கே "ஒன்று போதும்" என்று தொடங்கியது இரண்டானது, பின்பு மூன்றானது. முன்கூட்டியே தெரிந்திருந்தால், முதலாளியிடம் ஒரே தடவையில் முழுச் செலவையும் சொல்லி, கட்டுப்பாட்டு அட்டையை ஜூனிலேயே வாங்கி, ரெய்டு 6க்கு நேராகப் போயிருக்கலாம்.

80 விழுக்காடு நிரம்பியதும் மடல் வரும்படி வைத்திருக்கிறோம். 95இல் கிடைக்கும் அவகாசம் இப்படிப்பட்ட வேலைக்குப் போதாது.

டெஸ்க்டாப் டிஸ்க்குகள் இரண்டும் இன்னும் அணியில்தான் இருக்கின்றன. ரெய்டு 6 ஆனபின் அவசரம் குறைந்திருக்கிறது. அக்டோபரில் தடுமாறிய டிஸ்க்கை முதலிலும் மற்றொன்றை அடுத்தும், "ரீப்ளேஸ்" வழியிலேயே மாற்ற ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அடுத்த ஆடிக்கு முன் இரண்டும் வெளியே வந்துவிட வேண்டும்.